மூலை இல்லாத கேரம் போர்டு

இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். வீட்டில் ஃபியூஸ் போனால் எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுகிறேன். அவர் வேலை முடிக்கும்வரை செருப்பு மாட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறேன்.

இத்தனைக்கும், எலெக்ட்ரானின் மனசை அறிந்த ஒரே மதுரைக்காரரோடு நாகமலை புதுக்கோட்டை பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவன். ஆராய்ச்சி மாணவர். பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை, கேரம் அண்ணன்.

விடுதியின் ஒரே கேரம் போர்டில், மூலைக்கு மூலை பிளைவுட் பட்டையை வளைத்து ஆணி அடித்து, குழிகளை மூடி, எதிரெதிரே இரண்டு வாசல் வெட்டிவிட்டார். மறுநாள் இறுதிப் போட்டி.

"என்னண்ணே, குளிக்கிற தொட்டியா?"

"செமிகண்டக்டர் மாப்ள. மயிரிழையவிடச் சின்ன அறைன்னு வச்சுக்க. காய்தான் எலெக்ட்ரான். அடிச்சுப் பாரு."

அடித்தேன். சுவருக்குச் சுவர் முட்டி எதிர் வாசலில் போனது. மறுபடி அதே மாதிரி அடித்தேன். திரும்பி வந்து என் மடியில் விழுந்தது.

"ஒரு நூல் விலகுனாலும் பாதை அம்புட்டும் மாறிரும்," என்றார் பூரிப்போடு.

அந்த அறை எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்பதே அவர் ஆய்வு. எலெக்ட்ரானின் பாதையை வளைக்கும் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கடத்துதிறன் ஏறும், இறங்கும். கம்ப்யூட்டர் போட்ட கோடு, மினிபஸ்ஸில் உட்கார்ந்து வரைந்தது போலிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"புரோகிராம் தப்பு. கோட்ட வழவழன்னு ஆக்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்."

டாக்டர் பட்டத்துக்கு அந்தக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அண்ணன் வேறொரு முறையில் புரோகிராமையே புதிதாக எழுதி ஓட்டினார். அதே மேடு, அதே பள்ளம். அறையின் சுவரை இம்மி நகர்த்தினால் மட்டும் வேறு கோடு.

"தப்புன்னா ரெண்டு முறையிலயும் ஒண்ணு போல வருமா சார்? இது அந்த அறையோட கைரேகை."

"ரேகை பாக்க ஜோசியர்ட்ட போங்க."

"வழவழன்னு ஆக்கித் தொலைங்கண்ணே," என்று நானும் கெஞ்சினேன். "யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே மாப்ள."

பட்டம் வரவில்லை. பின்னாளில் வெளிநாட்டு ஆய்வகமொன்று அதே மாதிரி அறையில் அளந்த மேடுபள்ளக் கோட்டைக் கருத்தரங்கில் திரையிட்டு, 'என்ன அழகான கைரேகை' என்று உருகினார் அதே பேராசிரியர். கைதட்டியவர்களில் நானும் உண்டு.

அண்ணன் இப்போது வண்டியூர்ப் பக்கம் நுழைவுத்தேர்வு கோச்சிங் சென்டரில், எலெக்ட்ரான் கம்பிக்குள் நேராகப் போவதாக அம்புக்குறி போட்டுக் கற்பிக்கிறார். சிலபஸ் அப்படி.

போர்டு என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை வீடு மாறியும் பரணுக்குப் பரண் தூக்கிக்கொண்டு வந்தேன். போன வாரம்தான் மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் அதை இறக்கித் துடைத்து, வளைந்த ஓரத்தில் மெதுவாக விரலை ஓட்டினாள்.

"சப்பாத்தி மாவு பெசையத் தோதா இருக்குங்க," என்றாள். "மூலையில ஒட்டாது."