நாலுக்கு நாலு அண்ணன் சேறு தேடிய கதை

சிங்கப்பூரில் சேறு எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நாலுக்கு நாலு அண்ணன்தான். இதைச் சும்மா சொல்லவில்லை. அவர் கூடவே போய், என் நல்ல செருப்போடு அதை மிதித்துப் பார்த்தவன் நான்.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வேலை பஸ் ஓட்டுவது. அதுவும் தூரம் போகிற பஸ் இல்லை. இன்டர்சேஞ்சில் கிளம்பி, புளோக்குகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி அதே இன்டர்சேஞ்சில் வந்து நிற்கிற லூப் சர்வீஸ். ஓய்வு பெறும்வரை அதைத்தான் ஓட்டினார். நான் அதில் ஏறித் தூங்கிப்போனால், விழிக்கும்போது ஏறிய இடத்திலேயே இருப்பேன்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஓர் இரவு அதற்குள்ளேயே தூங்க வேண்டும்.

“இங்க எந்த ரோடும் முடியாது தம்பி. ஒண்ணு வளைஞ்சு திரும்பி வந்துடும், இல்லைன்னா கார் பார்க் ஆயிடும்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரியும்.

வண்டி தயாராக இருந்தது. ஜொகூர் பாருவில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டு வாசலில் ஒரு பழைய வேன். அக்காவின் கணவர் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அவர் காலமான பிறகு, “நீயே வச்சுக்க” என்று அக்கா சாவியைக் கொடுத்துவிட்டார். அண்ணன் அதற்குள் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூடத் தைத்து மாட்டினார். வாசனை மட்டும் முட்டைக்கோஸ்தான்.

பாக்கி இருந்தது ஒரே வேலை. ரோடு முடிகிற இடமென்றால் சேறும் மணலுமாகத்தான் இருக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வேன் அங்கே போய் உட்கார்ந்துவிடும். ஆகவே ஃபோர் பை ஃபோர் என்கிறார்களே, அந்த மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் எங்கள் இருவருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவருக்கு நாலுக்கு நாலு என்ற பெயர் வந்ததும் அப்போதுதான். வைத்தவர் அவருடைய மனைவி.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், ஒரு லிஃப்ட்டில். இரண்டு கையிலும் மார்க்கெட் பை. கதவு மூடப் போகிற நேரம். வெளியே நின்ற அண்ணன் ஏதோ கேட்டார். வண்டி என்றது காதில் விழுந்தது, அண்ணி வரமாட்டாள் என்றது விழுந்தது. கதவு மூடினால் போதும் என்று “சரிண்ணே” என்றேன். வேன் தயாரானால் நானும் கூட வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது, சாயங்காலம் அவர் அளவு டேப்போடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

மாற்றுவதற்கு மூன்று வழிகள். முதல் வழி, அடிபட்ட பிக்கப் ஒன்றின் முன் சக்கர அச்சையும், நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டியையும் கழற்றி வேனில் பொருத்துவது. எமனையே இழுத்துக்கொண்டு வரும் என்றார்கள். இரண்டாவது, இதே வேனின் நாலு சக்கர ரகத்தை ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து அனுப்புவார்கள், ஹாஃப் கட் என்று பெயர். அதை வாங்கி மாட்டுவது. மூன்றாவது வழி, நாலு சக்கரக் கதையே வேண்டாம், பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி ஒரு லாக் மட்டும் போட்டுக்கொள்வது. ஒர்க்‌ஷாப்காரர் ஆ செங் எப்போதும் இந்த மூன்றாவதைத்தான் சிபாரிசு செய்தார். அண்ணனுக்கு அது அவமானம். அவர் பெயருக்கு என்ன மரியாதை?

தேர்வுக்குழு லிட்டில் இந்தியாவில் கூடும். குழு என்றால் அண்ணனும் நானும். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், இலையில் நாலு வடையை நாலு மூலைக்கு வைப்பார். சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயை எடுத்து நடுவில் நீளமாகப் போடுவார், அது விசையைக் கடத்தும் ஷாஃப்ட். சட்னிக் கிண்ணம் விசைப் பெட்டி. அரை மணி நேரம் பாடம் நடக்கும். பின்னால் மேசைக்காகக் காத்திருக்கும் குடும்பம் எங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் பசி தாங்காமல் முன் சக்கரம் ஒன்றை நான் தின்றுவிட்டேன். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து இலையை உற்றுப் பார்த்தார்.

“இப்பப் பாரு, ஒரு வீலுக்குப் பிடிமானம் போச்சு. லாக் இல்லைன்னா இருக்கிற பவர் பூரா அந்தக் காலி இடத்துக்கே போயிடும். நாம கன்ஃபார்ம் மாட்டினோம்.”

நான் எப்போதோ மாட்டியிருந்தேன்.

சேற்றின் குணம் தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. சிங்கப்பூரில் சேற்றைத் தேடிப் பாருங்கள், அப்போதுதான் இந்த ஊர் எவ்வளவு சுத்தம் என்று புரியும். புல் இருக்கிறது, சிமென்ட் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கச்சிதமான சாக்கடை இருக்கிறது. கடைசியில் கிராஞ்சியில் ஒரு நர்சரிக்குப் பின்னால், லாரி திரும்புகிற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு கண்டுபிடித்தார். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த ரோட்டில் வெயிலில் நடந்து போனோம். அண்ணன் குடையால் குத்தி ஆழம் பார்த்தார். என்னை நடுவில் நிற்கச் சொல்லி, எவ்வளவு இறங்குகிறேன் என்று பார்த்தார். நர்சரியில் வேலை செய்யும் புதுக்கோட்டைப் பையன் ஒருவன் ஓடி வந்து, என்ன தொலைந்துபோனது என்று விசாரித்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்கு எங்கள் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

“அண்ணே, ஊர்ல எங்க வயல்ல கெடக்கு. எவ்ளோ வேணும்னாலும் வந்து பாத்துக்குங்க” என்றான்.

அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் சிமென்ட் போட்டிருந்தார்கள். அண்ணன் அதையும் குடையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார்.

இதெல்லாம் போகட்டும். என்னால் தாங்க முடியாதது ஒர்க்‌ஷாப் பயணம். ஜொகூர் பாருவுக்குப் போக உட்லண்ட்ஸில் குடிநுழைவு வரிசை, கடற்பாலத்தில் நெரிசல், அந்தப் பக்கம் இறங்கினால் மறுபடி வரிசை. வாரம் முழுக்க தஞ்சோங் பகார் ஆபீஸில் கணினியைப் பார்த்துக் களைத்தவன், ஞாயிறன்று பிறருடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போய்ச் சேர்ந்தால் அங்கே இன்னொரு கூத்து. ஏற்கெனவே மாற்றம் செய்த வண்டிகள் நிற்கும். அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டி, “ஏறு தம்பி” என்பார். எனக்கோ வலது முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. ஒரு காலை மேலே வைத்து, மறுகாலைக் கீழே வைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பேன். ஆ செங்கும் அவருடைய ஆளும் பின்னாலிருந்து அரிசி மூட்டையைப் போலத் தள்ளி ஏற்றுவார்கள். நான் உள்ளே விழுந்து மூச்சு வாங்கும்போது, அண்ணன் டேப்பை நீட்டிப் படியின் உயரத்தை அளந்துகொண்டிருப்பார். என் எடைக்கு வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். மணல் மூட்டைக்குப் பதில் என்னை வைத்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சல்.

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் அக்கா வீட்டை விற்றுவிட்டு கோலாலம்பூரில் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். வாங்குகிறவர் தீபாவளிக்குள் வாசல் காலியாக வேண்டும் என்றார். அதற்குள் வேன் கிளம்பிப் போய்வந்தால் உண்டு. இல்லையென்றால் கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை எல்லாவற்றோடும் இரும்புக்கடைக்குத்தான். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி என்னைப் பிடித்து, “ஏதாவது ஒண்ணைச் சொல்லி முடிச்சு விடுங்களேன்” என்றார்.

நல்ல வேளையாக ஆ செங்குக்கு ஒரு ஹாஃப் கட் வந்து இறங்கியது. துருவில்லை, நசுங்கல் இல்லை. இந்த வாரம் சொன்னால் நமக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. போனோம். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். அதை மாட்டிப் பெரிய டயரும் போட்டால் வேன் எவ்வளவு உயரும் என்று கேட்டார். ஆ செங் கையை விரித்து ஒரு சாண் காட்டினார். அண்ணன் டேப்பை எடுத்தார், பார்த்தார், மடித்துப் பையில் போட்டார்.

“வேணாம் லா. பின்னாடி லாக் மட்டும் போட்டுடுங்க.”

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கடற்பாலம் முடியும்வரை திட்டினேன். வடை வைத்துப் பாடம் நடத்தியது எதற்கு, சேற்றில் நிறுத்தியது எதற்கு, முதல் நாளே ஆ செங் சொன்னதைக் கேட்டிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகளாவது மிஞ்சியிருக்குமே என்றேன். நாலுக்கு நாலு என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டோடு நின்றுவிட்டீர்களே என்றும் கேட்டேன். அது கொஞ்சம் அதிகம்தான். அவர் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று தோன்றியது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணியிடம் இதையே புலம்பினேன். அவர் கையிலிருந்த மூங்கில் கழியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு இன்னுமா தெரியல? அவர் அளந்தது வண்டியை இல்ல, உங்க முட்டியை. நாலு சக்கரம் இழுக்க எதைப் போட்டாலும் வண்டி ஒரு சாண் ஏறிடுதாம். உங்களால ஏற முடியாதாம். அதான் இவ்ளோ நாளா முழிச்சிட்டிருந்தாரு.”

ஏணி மாதிரி ஒரு படி வைத்துக்கொள்ளலாமே என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“நானும் அதான் சொன்னேன். நாலு பேர் பாக்க ஏணி வச்சு ஏறினா தம்பி வெக்கப்படுவான்னுட்டாரு.”

என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குச் சாவியைத் தப்புத் தப்பாக நுழைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பஸ்ஸில் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது.

தீபாவளிக்கு முன்பே போனோம். வேனின் படியில் யாரும் தள்ளாமல் நானே ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் அதைக் கவனிக்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜொகூரின் கிழக்குப் பக்கம், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, தார் போய் மண் வந்து, மண் போய்ச் சேறு வந்தது. லாக் தன்னால் முடிந்த மட்டும் இழுத்தது. பிறகு வேன் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. முன்னால் இரண்டு சக்கரத் தடமும் நடுவில் புல்லும் வளைந்து போய்க்கொண்டிருந்தன. ரோடு இன்னும் முடியவில்லை. கடல் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. நாலு சக்கரம் இருந்திருந்தால் போயிருக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணன் என்ஜினை நிறுத்தினார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஓய்வு பெறும்வரை இன்டர்சேஞ்சில் சொன்ன அதே குரலில் சொன்னார்:

“லாஸ்ட் ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க.”

அன்று அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் வாசனையில் படுத்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. காலையில் தோட்டத்து டிராக்டர் வந்து எங்களைப் பின்னால் இழுத்து விட்டது.

வாசல் காலியானதும் ஆ செங் இடம் கொடுத்தார்; வேன் இப்போது அவருடைய ஒர்க்‌ஷாப் மூலையில் நிற்கிறது. போன வாரம் நான் லிஃப்ட்டுக்குள் நுழைந்தேன், இரண்டு கையிலும் மார்க்கெட் பை. வெளியே நின்ற அண்ணன், வண்டி உயராமலே நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்க ஒரு புது வழி இருப்பதாகவும், அதிலும் மூன்று ரகம் இருப்பதாகவும், தேர்ந்தெடுக்கக் கொஞ்ச நாளாகும் என்றும், கூட வர முடியுமா என்றும் கேட்டார். கதவு மூடப் போனது. பைகளைக் கீழே வைத்துவிட்டு, கதவைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, “சரிண்ணே” என்றேன்.