முதலில் பெரியம்மா சறுக்குவார்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மல்லாந்து படுத்திருப்பவளிடம் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது. நீ சிரித்தால் தையல் இழுக்கிறதாம், போனில் அதிகம் பேச வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். ஆகவே கடிதம். சிரிக்கும்படி இங்கே எதுவும் நடக்கவில்லை. அப்படியும் சிரிப்பு வந்தால் தாளை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் படி.

முதலில் நன்றி. குழந்தை வளர்த்துப் பழக்கமில்லாத என்னை நம்பி உன் ஐந்து வயது மகளை ஒப்படைத்தாய். சுண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், சொன்னதும் பல் தேய்க்கிறாள், படுத்ததும் தூங்குகிறாள். விளையாடத்தான் மாட்டேன் என்றாள். கிளம்பும்போது நீ சொல்லியிருந்தாய்: "அவ ஓடியாடி விளையாடினா நல்லாருக்கான்னு அர்த்தம்க்கா. ஒதுங்கி நின்னா ஏங்கிப் போயிட்டான்னு அர்த்தம். அப்படின்னா மறைக்காம சொல்லிடு. ஞாயித்துக்கிழமை எங்க மாமியார் வந்து ஊருக்கு அழைச்சிட்டுப் போயிடுவாங்க." உன் மாமியார் தங்கமானவர். இருந்தாலும் சுண்டுவை அனுப்ப எனக்கு மனமில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே போகப் போகக் கூச்சமாகிவிடும்.

ஆகவே லீவு போட்டுவிட்டு நல்ல விளையாட்டுத்திடல் தேடக் கிளம்பினோம். இத்தனை வருடம் இந்தப் பகுதியில் குடியிருக்கிறேன், பால் கடையும் பஸ் நிறுத்தமும் தவிர எதுவும் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது. முதலில் போனது அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் பூங்கா. வாசலிலேயே பலகை: ஓடக் கூடாது, கத்தக் கூடாது, பந்து கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. ஊஞ்சல்களைச் சங்கிலியோடு சுருட்டி மேல் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். காவலாளியிடம் ஏன் என்று கேட்டேன். "கிரீச்கிரீச்னு சத்தம் போடுதுன்னு மூணாவது மாடி சார் கம்ப்ளெயின்ட் மேடம்." எண்ணெய் விடலாமே என்றேன். "விட்டா சத்தம் நின்னுடும். அப்புறம் பசங்க வந்துடுவாங்களே," என்றார். அவர் தரப்பில் நியாயம் இருந்தது. நல்ல மனிதர், எனக்காக ஒரு ஊஞ்சலை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

இங்கே என் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை. லிஃப்ட்டைச் சோதித்துச் சான்று தருபவர்தான் அதில் முதலில் ஏறிப் போய்வர வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். எங்கள் நடைமுறை அது. ஊறிப்போன பழக்கம் லீவு நாளில் விட்டுப்போகுமா? சுண்டுவிடம் என் கைப்பையைக் கொடுத்துவிட்டு, நான் ஊஞ்சலில் உட்கார்ந்து, என்னைத் தாங்கினால் அவளைத் தாங்கும் என்ற கணக்கில் நன்றாக உந்தி ஆடிப் பார்த்தேன். தாங்கியது. சத்தமும் போட்டது. மூன்றாவது மாடி சார் ஜன்னலைத் திறந்தார். நான் இறங்கிக்கொண்டு, "இப்ப நீ ஏறு," என்றேன். சுண்டு பையைக் கட்டிக்கொண்டு, "வேணாம் பெரியம்மா, நீங்க ஆடுங்க," என்றாள். ஒதுங்கி நின்றால் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் திடல். தகரச் சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து நட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அதில் துணி தேய்க்கலாம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே போதும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது முழுச் சோதனை செய்துவிட்டேன். இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அங்கேயும் சுண்டு எதிலும் ஏறவில்லை. பையும் கையுமாக ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை நினைத்து ஏங்குகிறது குழந்தை என்று முடிவுகட்டி, உனக்குப் போன் போடப் போனை எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு திடல் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அதுதான் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இருப்பது. போனதுமே எனக்குப் பிடித்துவிட்டது. கீழே ஆற்றுமணல், நிழலுக்கு மரங்கள், பெற்றோர் உட்காரச் சாய்மானம் உள்ள பெஞ்சு, துருப்பிடிக்காத போல்ட்டுகள். நடுவில் மஞ்சள் நிறத்தில், பாதி வழியில் வளைந்து இறங்கும் மூடிய சறுக்குக் குழாய். அந்த வளைவு எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏறினேன், உட்கார்ந்தேன், விட்டேன். வளைவுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அதற்கப்புறம் நான் போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் பதற்றப்படாமல் மணியை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொடுப்பவள் நான். குழாயில் மணி இல்லை.

மேலே குழந்தைகள் வரிசை கட்டிவிட்டார்கள். "உள்ள யாரோ இருக்காங்கடா." "யாரு?" "ஒரு ஆன்ட்டி." "ஆன்ட்டிக்கு உள்ள என்ன வேலை?" அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: "அவங்க எங்க பெரியம்மா. அவங்கதான் எதுலயும் முதல்ல போவாங்க. யாரும் அவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது." அது சுண்டுவின் குரல் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமாயிற்று, அதுவரை முணுமுணுப்பைத் தவிர நான் கேட்டதில்லை. முன்பல் இல்லாத ஒரு பெண், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள், "மேலேருந்து தள்ளுவோமா?" என்றாள். "தள்ளாதே, கழுத்து சுளுக்கிக்கும். தண்ணி ஊத்து, வழுக்கும்," என்று சுண்டு கட்டளையிட்டாள். அத்தனை குழந்தைகளும் தங்கள் பாட்டிலை என் தலைக்கு மேல் கவிழ்த்தார்கள். கீழே இருந்த கூட்டம் ஆளுக்கொரு காலைப் பிடித்தது. "மெதுவா இழுங்க. அது எங்க பெரியம்மா காலு." நான் வெளியே வந்தேன். இடது செருப்பு வரவில்லை. பெஞ்சிலிருந்த ஒரு அம்மா ஓடிவந்து, "அடி ஏதும் பட்டுச்சாங்க?" என்றார். "இல்லைங்க, சும்மா ஒரு சோதனை," என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

சுண்டு பையை என் மடியில் போட்டுவிட்டு, கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு குழாயில் ஏறினாள். இருட்டும்வரை குழாயை விடவில்லை, என் செருப்பையும் அவள்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான். தங்கள் தண்ணீரை எனக்காகக் கொட்டிவிட்டு வீடுவரை தாகத்தோடு போன அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இப்போது பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறேன், தேவைப்பட்டவர்கள் வந்து குடிக்கிறார்கள். பெயர் தெரியாத எத்தனை பேருக்கு நான் இங்கே பெரியம்மா ஆகியிருக்கிறேன் என்று நீ வந்து பார்க்க வேண்டும்.

ஆக, குழந்தை ஏக்கம் தீர்ந்து விளையாடுகிறது. தீர்த்துவைத்தது நான் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் சிரமப்பட வேண்டாம். என் வணக்கத்தைச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் தையல் நல்லபடியாக ஆறட்டும், மறுபடி நீ வாய்விட்டுச் சிரிக்கும் நாள் சீக்கிரம் வரட்டும்.

என்றும் உன்,
அக்கா

பி.கு.: உறையில் போடும்போது, என்ன எழுதினேன் என்று சுண்டு கேட்டாள். நீ நன்றாக விளையாடுகிறாய் என்று எழுதினேன் என்றேன். "நீங்க விளையாடுறீங்கன்னு எழுதலையா? அதைத்தானே அம்மா கேப்பாங்க," என்றாள். விசாரித்தேன். பெரியம்மாவுக்கு ஆபீஸை விட்டால் வேறொன்றும் தெரியாது, சுண்டுதான் பார்க்குக்கு அழைத்துப்போய் விளையாட வைக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி அனுப்பினாயாமே. "நீங்க ஆசையா ஆடுனீங்க. உங்க டர்ன் முடியட்டும்னு நின்னேன்." அவள் ஏங்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் கேட்டாள்: அம்மாவுக்குச் சரியாகிச் சுண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அப்புறம் பெரியம்மாவை யார் பார்க்குக்குக் கூட்டிப்போவார்கள் என்று. படுத்துத்தானே இருக்கிறாய், யோசித்துச் சொல்.