கருவிக்குக் கருவி செய்கிறவன்

சோறு வடிக்கச் சொன்னால் முதலில் அடுப்புக்குப் படம் வரைகிற இனம் ஒன்று உண்டு. கணினி வந்ததிலிருந்து அந்த இனத்துக்கு நல்ல காலம். 2004 வாக்கில் மதுரையில் அதன் சிறந்த மாதிரி, முப்பது வயது ராஜகுரு.

கீழவாசலில் திருமணத் தகவல் மையம் நடத்தும் ஹம்சவேணி அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இருநூறு மாப்பிள்ளைகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்து மண்டபத்தில் கூடுகிற பெற்றோர்களுக்குப் பட்டியல் அச்சடித்துத் தரவேண்டும். அவள் தங்கை மீனலோசனிக்கும் அன்றைக்குத்தான் வரன் பார்ப்பது.

ராஜகுரு பூரித்துப்போனான். தனி சர்வர் கேட்காமல் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும் இலவசத் தரவுத்தளம் ஒன்றை இறக்கினான். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு கருவி எழுதினான், அட்டவணைக்கு நிறம் தீட்ட இன்னொன்று, இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க மூன்றாவது. மூன்றையும் மூலநிரலோடு உலகத்துக்கு இலவசமாக விட்டான். பிரேசிலிலிருந்து ஒருவர் பாராட்டி எழுதினார். மாப்பிள்ளைகள்? ஜாதகக் கட்டுகளாக மேஜைக்கடியில் கிடந்தார்கள்.

வியாழக்கிழமை ஹம்சவேணி வந்து கேட்டாள்.

"எம்புட்டுப் பேர ஏத்தியிருக்க?"

"ஒரு கோடி பேர ஏத்துனாலும் தாங்கும்க்கா."

"எனக்கு இருநூறு போதும்ப்பா."

"இருநூறுக்கு இதே அதிகம்க்கா," என்றான், சற்று வருத்தத்தோடு.

ஞாயிறு காலை பட்டியல் சுடச்சுட வந்தது. மகளுக்கு வரன் தேடி வந்திருந்த ரங்கநாயகி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஏம்மா ஹம்சவேணி, எல்லாப் பக்கத்துலயும் ஒரே பையனா இருக்கான்? மூணாம் பக்கத்துல நாலடி, பத்தாம் பக்கத்துல எட்டடி. நடுவுல என்ன சாப்பிட்டான்?"

கருவியைச் சோதிப்பதற்காகத் தன் பெயரையே இருநூறு முறை போட்டு, உயரத்தை மட்டும் மாற்றி வைத்திருந்தான் ராஜகுரு. உண்மையான மாப்பிள்ளைகளை ஏற்றத்தான் நேரமில்லை.

ஹம்சவேணி திட்டவில்லை. ஆட்டோ வைத்துக் கட்டுகளைக் கொண்டுவரச் செய்து, ஜமக்காளத்தில் கொட்டிப் பிரித்தாள். நாலு மணி வாக்கில் மீனலோசனிக்கு ஒரு ஜாதகம் பொருந்தியது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராஜகுரு மெல்லப் பக்கத்தில் வந்தான். "பிரச்சனை புரிஞ்சிருச்சுக்கா. ஒரே பேரு திரும்ப வந்தாப் பிடிக்கிற கருவி நம்மகிட்ட இல்ல. இப்பவே போய் எழுதிடுறேன்."

சிரிக்கிறீர்களா? நல்லது. எந்த வேலையைத் தொடங்குமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தீர்கள்?