பிரியதர்ஷினியைச் சென்னைக்கு அழைத்துப் போகவும்

மரக்காணம் அருகில்,
மழை விட்ட மறுவாரம்.

மரியாதைக்குரிய மச்சான் சரவணகுமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை சங்கீதாவின் வீட்டுக்காரன் பலராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சங்கீதாவும் நலம். எங்கள் மகள் பிரியதர்ஷினியும் நலம். ஊரார் நலமெல்லாம் அவள் பொறுப்பு என்று ஆகிவிட்டபடியால், நலமில்லாமல் இருக்க எங்களில் யாருக்கும் அனுமதி கிடையாது. போனில் பேசினால் அவள் காதில் விழுந்துவிடும் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் மருமகளைச் சென்னைக்கு அழைத்துப் போய், ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றில் சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் திட்டு உங்களுக்குத் தெரியும். ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. மழை வலுத்தால் தரைப்பாலம் முழுகிவிடும், நாங்கள் தனித் தீவாகிவிடுவோம். போன வருடம் ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பும் புதுச்சேரித் தொண்டு நிறுவனம் ஒன்றும் கூட்டாக வந்து, புயல் நேரத்தில் ஊரைக் காப்பாற்றவும் மற்ற நேரத்தில் நாலு காசு சம்பாதிக்கவும் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்றார்கள். தையல் மிஷினாக இருக்கும் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். லாரியிலிருந்து இறங்கியதோ ஒரு ஃபைபர் படகும் இன்ஜினும். அன்றிலிருந்து இவளும் இவள் சிநேகிதி கிருபாவும் அந்த இன்ஜினைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்து, இப்போது அனுமந்தையிலிருந்தெல்லாம் மீன்பிடிக்கிறவர்கள் பழுதான இன்ஜினைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறார்கள், மச்சான். மிளகாய்த்தூள் டப்பாவில் நட்டு போல்ட்டு. ஒருநாள் ரசத்தில் வாஷர் கிடந்தது. சங்கீதா சத்தம் போடுவாள் என்று பார்த்தால், "ஏன்டி, காலைலேர்ந்து இத்தத்தான தேடினு இருந்த?" என்று கழுவிக் கொடுக்கிறாள். உப்பளத்தில் தலை நரைத்த என்னை இப்போது ஒருவரும் பலராமன் என்பதில்லை, "இன்ஜின் பொண்ணோட அப்பா" என்கிறார்கள். அதைக் கேட்டு நான் சிரித்துத் தொலைக்கிறேன் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் போகட்டும். புயல் வந்த அன்று நடந்ததைக் கேளுங்கள். காலையிலேயே இவர்கள் குழு மைக் பிடித்துத் தெருத்தெருவாகப் போய், சனங்களைப் படகில் ஏற்றி, அக்கரையில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டது. நான் மட்டும் போகவில்லை. இந்த வருட உப்பு முழுவதும் அம்பாரமாக நிற்கிறது, மேலே போட்ட கீற்று காற்றில் பறக்கிறது, அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்பாரத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். பெற்ற மகள் மைக்கில் என்ன சொன்னாள் தெரியுமா? "உப்பு மேல படுத்திருக்கிற திரு. பலராமன் அவர்கள் ஒடனே படகுக்கு வரவும். ஒங்களுக்காகப் பச்சக்கொழந்த ஒண்ணு மழைல காத்துனு இருக்குது." ஊரே கேட்டது. உண்மையாகவே பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பிறந்த குழந்தையைப் புடவைக்குள் பொத்திக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் எப்படிப் படுத்திருப்பது? இறங்கி வந்தேன்.

பாதிக் கழியில் இன்ஜின் நின்றுவிட்டது, மச்சான். வெள்ளம் படகைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்தப் பக்கம் முகத்துவாரம், அதைத் தாண்டினால் கடல். கிருபா மூங்கில் கம்பை ஊன்றிப் பார்க்கிறாள், தரை எட்டவில்லை. பாப்பாத்தி, "மாரியாத்தா, மாரியாத்தா" என்று கத்துகிறாள். இவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ப்பா, கொடையப் புடி" என்றாள். எனக்குத் துணிச்சல் வந்து, "நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போறேம்மா, ஒனக்குப் புடிக்கிறேன்" என்றேன். "எனக்கு இல்ல, இன்ஜினுக்கு" என்றாள். பிடித்தேன். அடுத்த காற்றில் குடை முறுக்கிக்கொண்டு பறந்துபோனது. வேறு வழியில்லாமல் வேட்டியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, டவுசரோடு நின்றேன்.

அவள் பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டேன். "இருக்குதுப்பா. நீ வேட்டிய ஆட்டாத" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்தாள், உறுமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தாள். பிடித்துக்கொண்டது. நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. படகைத் திருப்பி, வெள்ளத்துக்குச் சாய்வாகவே ஓட்டி, கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குழந்தை இவ்வளவுக்கும் தூங்கிக்கொண்டே இருந்தது. கரையில் அந்த உதவி அமைப்பிலிருந்து வந்திருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஓடிவந்து பாப்பாத்திக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, அடுத்ததாக என்னைப் பார்த்தார். டவுசரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தங்கமான மனுஷி.

அம்பாரத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஆனால் திட்டில் ஒரு உயிருக்கும் சேதமில்லை. நானும் அம்பாரத்தின் மேலேயே இருந்திருந்தால் உப்போடு போயிருப்பேன் என்று சங்கீதா தினமும் சொல்லிக்காட்டுகிறாள். இருந்தாலும், அந்தக் கழி நடுவில் என் மகளை இன்னொரு முறை பார்க்க இந்த நெஞ்சு தாங்காது. அவள் நன்றாகச் செய்கிறாள் என்பதுதான் எனக்குப் பயமே. நன்றாகச் செய்கிறவளைத்தானே ஒவ்வொரு புயலுக்கும் கூப்பிடுவார்கள்? ஆகவே தயவுசெய்து சீக்கிரம் வந்து அவளை அழைத்துப் போகவும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் காய்ச்சல் சளி இல்லாமல், மழைத்தண்ணீர் வாசலோடு திரும்பிப் போகும்படி, இன்னும் பல வருடம் சேர்ந்து சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,

அன்புள்ள,
பலராமன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பிரியதர்ஷினி வந்தாள். அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஒரு பெண் குறைகிறதாம். பாடம் எடுக்கப்போவது இவள்தான், ஆகையால் சென்னைக்கு அனுப்புவதற்கில்லை. வரும்போது உங்கள் மகள் சந்தியாவை அழைத்து வரவும். பெயர் கொடுத்துவிட்டேன்.