குமரகுரு வீட்டுப் புல்லுக்குத் தலைதீபாவளி

புல்தரை அபிமானி என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால், புது பங்களா எதற்கும் உங்களை இன்னும் யாரும் காபி குடிக்கக் கூப்பிடவில்லை என்று அர்த்தம். சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்களில், கையில் நாலு காசு சேர்ந்ததும் வீட்டைக் கட்டி, வீட்டுக்கு முன்னால் ஐந்து சென்ட்டில் பச்சையாக ஒன்றை விரித்து, அதற்கு 'லான்' என்று பெயர் வைத்து, காலையில் பல் துலக்கும் முன்பே அதைப் போய் நலம் விசாரித்துவிட்டு வருகிறாரே, அவர்தான். அப்பன் காலமெல்லாம் களைக்கொத்தோடு குனிந்து புல்லை விரட்டியவர். மகனோ புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வரவழைக்கிறார். நடுவில் ஓர் அருகம்புல் தலைகாட்டிவிட்டால் பிடுங்கி எறிகிறார். பிள்ளையாருக்கு ஆகிற புல் இவருக்கு ஆகாது.

என் பக்கத்து வீட்டுக் குமரகுரு இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். தன் வீட்டில் மூன்று குழி போட்டு, மூன்றாவதில் ஆயிரத்து நூறு அடியில் கொஞ்சம் தண்ணீர் பார்த்தார். அதில் முதல் உரிமை புல்லுக்கு. மிச்சம் இருந்தால் குடும்பம் குளிக்கும்.

யாராவது உள்ளே வந்தால் இவர் பாடும் பாட்டு ஒன்றுதான்: "ஏனுங்க, கல்லு மேல வாங்க. இல்லீங்க, அந்தக் கல்லு இல்லீங்க, அடுத்த கல்லு." தாண்டித் தாண்டிப் போய் வாசலைச் சேர்வதற்குள் வந்தவருக்கு மூச்சு வாங்கிவிடும். சரி, அந்தப் புல்லில் இவராவது உட்காருவாரா என்றால் அதுவும் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆடும், இந்தப் பக்கம் நிற்கும் இவரும் ஒரே ஆசையோடுதான் அதைப் பார்ப்பார்கள். ஆட்டையாவது புரிந்துகொள்ள முடிகிறது.

இப்பேர்ப்பட்டவருக்குப் பண்டிகைக்கு என்ன பரிசு கொடுப்பீர்கள்? நாற்காலி கொடுத்தால் நாலு கால் பட்டு நாலு குழி விழும் என்பார். சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஏற்கெனவே மூன்று வைத்திருக்கிறார். புல் வெட்டும் மிஷினும் ஆகாது, ஏனென்றால் ஓரத்தை எல்லாம் சலூன் கத்தரிக்கோலால்தான் சரிசெய்வார். இந்தச் சிக்கலில்தான் அவருடைய புது மாப்பிள்ளை இளவழகன் மாட்டிக்கொண்டார்.

இளவழகனுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. தங்கமான பிள்ளை. குமரகுருவின் ஒரே மகள் தேவிப்ரியாவைக் கட்டி ஐந்து மாதம். தலைதீபாவளிக்கு நாலு நாள் முன்னால் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, மாமனுக்குத் துணி எடுத்துக் குடுத்தா பீரோவுல வெச்சுப் பூட்டிப்போடுவாருன்னு பிரியா சொல்லுதுங்க. அவருக்கு எதுங்க புடிக்கும்?"

"அவருக்கு எதுக்குங்க தம்பி? புல்லுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், மாமனார் பலகாரம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், மாப்பிள்ளை வண்டியிலிருந்து எட்டு மூட்டைகளை இறக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே அள்ளி அள்ளி லான் முழுக்க வீசினார். கோழி எரு. அதுவும் பச்சை எரு.

குமரகுரு திரும்பிவந்து கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"மாமா, வெள்ளாம பண்ற காட்டுக்காரங்களுக்குக் குடுக்கறதெல்லாம் ஆறு மாசம் கிடந்த பழசுங்க. உங்களுக்குன்னு இன்னைக்குக் காலைல புதுசா அள்ளியாந்தனுங்க!"

முட்டைக்கு உள்ள நியாயத்தை எருவுக்கும் பொருத்திவிட்டார், பாவம். ஆறப்போடாத கோழி எரு புல்லைக் கருக்கிவிடும் என்பது குமரகுருவுக்குத் தெரியும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை முகம் சுண்டினால் அது மகள் தலையில்தான் விடியும் என்பதும் தெரியும். வாய் திறந்தபடி நின்றது. அவர் மனைவி உஷாராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அந்த வாயையே பார்த்தார். தேவிப்ரியா அப்பாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். மதில் மேலிருந்து நானும் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா?

"ரொம்பச் சந்தோசமுங்க மாப்ள" என்றார் குமரகுரு. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஆயிரத்து நூறு அடியிலிருந்து வந்த குரல் அது.

தீபாவளி நல்லபடியாக நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் மேலும் ஈ, அதிரசத்தின் மேலும் ஈ. மூன்றாம் நாள் காலையில் புல் திட்டுத் திட்டாகக் கருகிவிட்டது. குமரகுரு மோட்டார் ரூமுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஊருக்குக் கிளம்பிய தேவிப்ரியா, சொல்லிக்கொண்டு போக அவரைத் தேடிக்கொண்டு பையோடு அங்கே வந்தாள்.

"என்னையக் கட்டிக்குடுத்து அனுப்புன அன்னைக்குக்கூட நீங்க அழுவலீங்களேப்பா."

அவர் அவசரமாக முகத்தைத் துடைத்தார். "அன்னைக்குப் பந்தி பாக்கோணும்ல சாமி. வேல நெறையா கிடந்துச்சு."

"ஆமாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் போய் ஏறிக்கொண்டாள். அதுவரை மதில் மேலிருந்து கேலியாகவே பார்த்துக்கொண்டிருந்த நான் கீழே இறங்கிவிட்டேன். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் மறுநாளே புதுப் புல்லுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

போன வாரம் இளவழகன் திரும்பவும் போன் செய்தார். "மாமனுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சாட்டம் இருக்குதுங்க. ஒரு வார்த்தை கொறை சொல்லலீங்க. பொங்கலுக்கு ஒரு லோடே கொண்டாரட்டுங்களா?"

"தாராளமாக் கொண்டாங்க தம்பி" என்றேன். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நம் வீட்டில்தான் புல்லே இல்லையே என்ற தைரியம். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா இருக்கிறதா? விருந்தாளிக்கும் எடுக்காமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த கப்புகள்? குழந்தைகள் பிஸ்கட்டோடு ஏறக்கூடாத கார்? அப்படி எதுவும் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பத் தயார். ஆனால் எதற்கும் உங்கள் மகளைக் கூப்பிட்டு, "எது போனா இந்த அப்பன் அழுவான்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்லுவாள்.