றவுட்டரில் ஏறிய கல்யாணம்

இனி இந்த வீட்டில ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் அறை அறையாத் திரியப்படாது எண்டு போன மாதம் ஒரு சட்டம் போட்டன். இந்த வீட்டில நான் போட்ட முதல் சட்டம் அது. டிஸ்க்கை றவுட்டருக்குப் பின்னால குத்தினன். குசினியில ஃபோன், ஹோலில டிவி, எதில பார்த்தாலும் மகள் அஸ்மியாட கல்யாண வீடியோ ஓடிச்சி. மகள் இப்ப புருஷனோட கட்டாரில. எண்ட மனுசி சுஹைரா பின்னேரம் அசர் தொழுதிட்டு, தேத்தண்ணியோட இருந்து அதை ஒரு நாள் விடாமப் பார்ப்பா. சில இடத்தில அழுவா.

ஒரு கிழமை நல்லாத்தான் ஓடிச்சி. அதோட விட்டிருக்கலாம். நான் விடல்ல. இன்னும் வேகமாக்குவம் எண்டு ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்பில றவுட்டரின்ட பக்கத்தைத் திறந்தன். ‘டிஸ்க்கை ஃபோமட் செய்யவா?’ எண்டு கேட்டுது. இந்த வீட்டில என்னட்ட ஒண்டும் இவ்வளவு மரியாதையாக் கேட்டதில்ல. ஓம் எண்டு அமத்தினன்.

கல்யாணம் போயிற்று. மாப்பிள்ளை, பொண்ணு, சுத்தி இருந்து சாப்பிட்ட அறுபது சஹன் சாப்பாடு, எல்லாம் துடைச்சாச்சு. வீடியோ எடுத்த சஜீத்துக்கு கோல் எடுத்தன். “நாங்க மூண்டு மாசத்தில அழிச்சிருவம், நானா. உங்கட வீட்டில இருக்குத்தானே?” எண்டான்.

பின்னேரம் சுஹைரா டிவிக்கு முன்னால வந்து இருந்தா.

“என்னங்க, வீடியோ வருதில்ல.”

“துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒண்டு வந்திருக்கு. அதின்ட ராடார் எங்கட சிக்னலை அமத்துது.”

“அல்லாஹ்வே. எப்ப போகும்?”

“வெள்ளிக்கிழமை.”

“சரி, அது ஆறுதலாப் போகட்டும். இந்தச் சூடை மீனைக் கொஞ்சம் வெட்டித் தாறீங்களா?”

குத்தம் செஞ்சவன் ஏலாது எண்டு சொல்லுவானா? வெட்டினன். திங்கள் தேங்காய் துருவினன். செவ்வாய் கிணறு இறைச்சன். புதன் அவட உம்மாவைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், போற வழியெல்லாம் அவ சொன்ன கதைக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். ஆனா ஒவ்வொரு பின்னேரமும் சுஹைரா வெறும் டிவியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க, நான் குசினிக்குள்ள போய் ஒளிஞ்சன்.

வியாழன் ஏலாமப் போச்சு.

“சுஹைரா, கப்பலும் இல்ல, ஒண்டும் இல்ல. புள்ளட கல்யாணத்தை நான்தான் அழிச்சிட்டன்.” கண்ணால தண்ணி வந்திட்டுது.

அவ ஆறுதலா எழும்பி, அலுமாரிக்குள்ள இருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்து டிவியில குத்தினா. அஸ்மியா சிரிச்சுக்கொண்டு வந்தாள். அல்ஹம்துலில்லாஹ், எனக்குப் போன உசிர் திரும்பி வந்திச்சி. அந்த நிமிசம் றவுட்டரைக்கூட மன்னிச்சிட்டன்.

“இது எப்ப எடுத்தது?”

“நீங்க ஃபேன் திருத்தின நாள்ல இருந்து, நீங்க தொடப் போற சாமானுக்கெல்லாம் நான் ஒரு கொப்பி வச்சிருக்கன்.”

“அப்ப நான் அழிச்சது?”

“ஞாயிற்றுக்கிழமையே தெரியும். பக்கத்து வீட்டு ஜெமீலா ராத்தாக்கு எங்கட வைஃபை பாஸ்வேர்ட் குடுத்திருக்கன். கறி குடுக்கிற வீட்டுக்கு அதை மட்டும் குடுக்காம இருக்கலாமா? அவட டிவியில நிக்காஹ் நடக்கிற நேரம் பார்த்து மாப்பிள்ளை மறைஞ்சிட்டாராம். உடன கோல் எடுத்தா.”

“அஞ்சு நாளா ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க கிணறு இறைப்பீங்களா?”

கோவமே வரல்ல. வீடியோ இருந்தாப் போதும். சிரிச்சுக்கொண்டு முற்றத்துக்கு வந்தன். ஜெமீலா ராத்தா மதிலுக்கு மேலால ஒரு சட்டி நிறைய மீனை நீட்டிக்கொண்டு நிண்டா.

“நல்லா வெட்டுறீங்களாம், தம்பி. சுஹைரா சொன்னா.”