குளிர் அறை மணியைக் கழற்றிய விவரம்

அன்பு மருமகனுக்கு,

உன் ஒரே தாய்மாமன் மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் அப்பா எல்லோரும் சுகம். உன் அப்பாவின் சவ அடக்க நிறுவனத்துக்கு வந்து சேர்கிறவர்களின் சுகத்தைப் பற்றி வழக்கம்போல் எழுத ஒன்றுமில்லை.

"என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம எழுதுங்க மாமா, அத வச்சுத்தான் ஐஸ் அண்ணன வேலையில வச்சுக்கிறதா வேண்டாமான்னு அப்பா முடிவு பண்ணப் போறார்" என்று கேட்டிருந்தாய். இருபத்திரண்டு வருடமாக நம் குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிற மனுஷர் என்று உனக்கு அவர்மேல் இரக்கம். இரக்கம் வேறு, நெட்வொர்க் வேறு.

முதலில் உன் யோசனைகளை எடுத்துக்கொள்வோம். "வயர் இழுக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல படம் போடுங்க, ஒவ்வொரு வயருக்கும் ரெண்டு முனையிலயும் சீட்டு ஒட்டுங்க" என்று எழுதி, சீட்டும் ஒரு கட்டு அனுப்பியிருந்தாய். படித்த பிள்ளை, அப்படித்தான் சொல்லுவாய். நான் நாற்பது கம்ப்யூட்டர் இருந்த துறைமுக ஆபீசுக்கு ஒற்றை ஆளாக நெட்வொர்க் போட்டவன், எனக்குப் படம் தலைக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து இன்டர்நெட் ரவுட்டருக்கு வரும், ரவுட்டரிலிருந்து ஒரு வயர் எட்டு ஓட்டை உள்ள சின்னப் பெட்டிக்குப் போகும், அதற்குச் சுவிட்ச் என்று பெயர், அதிலிருந்து ஆளுக்கொரு வயர், அவ்வளவுதான், இதில் என்ன பிரம்மவித்தை. வரவேற்பு மேஜைக்கு ஒன்று, வண்டி அனுப்புகிற மேஜைக்கு ஒன்று, அத்தான் அறைக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. ஐந்தாவது என் சொந்த மூளை: குளிர் அறைத் தெர்மாமீட்டரையும் இதிலேயே கோத்துவிட்டேன். உள்ளே சூடு ஏறினால் வரவேற்பு மேஜைத் திரையில் சிவப்பாகச் செய்தி வரும். அதுவரை சுவரில் ஒரு மணி தொங்கிக்கொண்டிருந்தது, மோட்டார் நின்றால் தெருவே கேட்கிற மாதிரி அலறும். அது துருப்பிடித்துப்போய் வேலைக்கு ஆகாமல் கிடந்ததால் கழற்றி எறிந்துவிட்டேன். சீட்டு விஷயத்தில் உன் சொல்லையும் தட்டவில்லை, ஒரு முனைக்கு மட்டும் ஒட்டினேன். இன்னொரு முனையும் அதே வயர்தானே.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் இணைப்பு வேலை முடிந்தது, வயர்களைச் சுவரோடு சேர்த்து ஆணியடிக்கிற வேலை மட்டும் சாயங்காலம் வரை இழுத்தது. சுவிட்சுக்குக் கீழே சீட்டில்லாமல் ஒரு முனை மட்டும் தொங்கியது. ஐம்பது கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தவன் செய்த வேலையில் ஒரு முனை தொங்கினால் பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? காலியாக இருந்த ஓட்டையில் அழகாகச் சொருகினேன். அடடா, அந்தப் பெட்டியின் விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் படபடவென்று கண்ணடிக்க ஆரம்பித்ததே பார்க்கணும்! எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், கை தட்டினார்கள், உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் எல்லாத் திரையும் அசையாமல் நின்றுவிட்டது. "என்னண்ணே, எத அமுக்கினாலும் நகர மாட்டேங்குது?" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண். "புது நெட்வொர்க்கும்மா, பழகிக்க ஒரு நாள் ஆகும்" என்றேன். பெட்டிதான் அவ்வளவு சுறுசுறுப்பாக மின்னுகிறதே, குறை கம்ப்யூட்டர்களின் வயசில்தான் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் மதியம் குளிர் அறை மோட்டார் நின்றிருக்கிறது. அது தெரிந்தது புதன் காலை. உள்ளே இருந்தது ஒரே ஓர் அம்மா, ஐந்து நாளாகத் தன் மகன் விமானத்தில் வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தவர். மகன் பயணப் பெட்டியோடு நேராக நம் வாசலுக்கு வந்தான். ஐஸ் அண்ணன் உள்ளே போனார், வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"தம்பி, அம்மாவ மூடியே எடுத்துட்டுப் போயிருங்க. நல்லா இருந்தப்ப பாத்த முகமே மனசுல இருக்கட்டும்."

"ஆறு வருஷமாச்சுங்க அந்த முகத்தப் பாத்து" என்றான் அவன்.

நானே அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். ஆனால் நான் யார், உடனே சுதாரித்துக்கொண்டு, "தெர்மாமீட்டர் கதவுலயே இருக்கே, எட்டிப் பாக்க என்ன கேடு?" என்று ஐஸ் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஆள் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என் ஏணியடியிலேயே நின்றுகொண்டிருந்தவர், கதவுப் பக்கம் போகவே இல்லை. "நீ ஏன்யா பாக்கல?" என்று அத்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்து, "தப்புதாங்க" என்றார். குற்றம் செய்தவரே ஒப்புக்கொண்டபிறகு, அறுபது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவன் மேற்கொண்டு சாட்சி சொல்ல என்ன இருக்கிறது? முடிவை உங்கள் நல்ல மனசுக்கே விட்டுவிடுகிறேன்.

நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், எங்கள் நிறுவனத்தின் பக்கம் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லாமல், நெடுங்காலம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ஐஸ் அண்ணன் வந்துபோனார். குளிர் அறைச் சாவியை அத்தானிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கொடுக்க வந்தவர், என் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினார். துருப்பிடித்து எறிந்தேன் என்று மேலே எழுதிய மணி என் வாசலில்தான் தொங்குகிறது. நான் கதவைத் திறந்தபோது அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சார் அடிக்குது" என்றார்.

"கதவுகிட்ட நிக்காதீங்க, இனிமே கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு சொன்னது நான். நாள் பூரா ஏணியப் பிடிச்சுக்கச் சொன்னதும் நான். ஏங்க நீங்க சொல்லல?" என்றேன்.

"உங்க அக்கா நின்னுட்டு இருந்தாங்க சார். முந்தின நாள்தானே உங்களப் பாத்துக் கை தட்டியிருந்தாங்க."

நேற்று அந்தச் சீட்டில்லாத வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனேன். பிரிண்டருக்கென்று எடுத்து, நீளம் போதாமல் விட்ட வயர். அதன் இன்னொரு முனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. போன செய்தியே திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுற்றி, சிவப்புச் செய்திக்கு வழி இல்லாமல் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முனையைப் பிடுங்கினேன், எல்லாம் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. துறைமுகத்திலும் நான் வயர் இழுக்கவில்லை மருமகனே, இழுத்தவனுக்கு ஏணி பிடித்தேன்.

அப்பாவிடம் இந்தப் பின்குறிப்பை மட்டும் போனில் படித்துக் காட்டு. மணியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். முதலில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐஸ் அண்ணன் வீட்டு வாசலில் மணி கிடையாது, கதவைத்தான் தட்டவேண்டும்.